பால் பல்தானே... பிடுங்கிடலாமா?

"விழப்போற பல்லுதானே டாக்டர், பிடுங்கி விட்ருங்க!"

ஆனைக்குட்டத்தில் இருந்து பிள்ளையை விருதுநகருக்கோ சிவகாசிக்கோ கூட்டி வரும் அம்மா இப்படிக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. சிகிச்சைக்காக மூன்று தடவை வர முடியுமா?

ஆனால், கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அடியில் வளரும் பல்லுக்கு இடம்பிடித்து வைப்பவை அவைதான். முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சரிந்து, புதுப் பல் கோணலாக முளைக்கலாம். 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல்லோ நிரந்தரப் பல். போனால் போனதுதான்! அதையும் பால் பல் என்று நினைப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் விளக்கிய பிறகே டாக்டர் சம்மதம் கேட்க வேண்டும். வெறும் கையெழுத்து போதாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோர்தான் சம்மதம் தர வேண்டும். அதற்காகப் பிள்ளையிடம் பேசவே வேண்டாமா? 1992-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, குழந்தையின் கருத்துக்கும் மதிப்பு தரச் சொல்கிறது. கருவியைக் காட்டி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கலாம். "வலிச்சா கையைத் தூக்கு" என்றால், தூக்கியதும் நிறுத்த வேண்டும். அழும் பிள்ளையின் வாயைப் பொத்தும் முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-லேயே கைவிட்டுவிட்டது.

அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். சொத்தை சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால், பெரும்பாலும் ஒரே தடவையில் அடைத்துவிடலாம். கூலியும் ஒரு நாளோடு போகும்.