எக்கோ குமிழுக்குள் இருக்கும் கணக்கு

இறக்கக்கண்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நிலாவெளி தாண்டிப் புல்மோட்டை வீதியில் வரும் அந்தத் திறந்த கரையில் மேடை போட்டுப் பாடினால், குரல் எதிலும் பட்டுத் திரும்பாது. ஒலிபெருக்கிக்காரர் மிக்சரில் எக்கோ குமிழைக் கொஞ்சம் திருப்பினால் பாடுகிறவரைச் சுற்றி ஒரு மண்டபம் எழும்பிவிடும். அந்த மண்டபம் முழுவதும் கணக்கு. ஒரு பழைய மடிக்கணினியும் சாதாரண தரக் கணிதமும் இருந்தால் அதை நாமே எழுதத் தொடங்கலாம்.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. சீடி தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். எதிரொலி வேண்டுமென்றால், வந்துபோன எண்களைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பின்னால் வருபவற்றோடு கூட்ட வேண்டும். எவ்வளவு நேரம்? திருகோணமலை வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். கோணேசர் கோயில் நிற்கும் செங்குத்துப் பாறைக்கு 175 மீற்றர் தள்ளி வள்ளத்தை நிறுத்திக் கூவினால், குரல் போய்த் திரும்ப ஒரு விநாடி பிடிக்கும். நிரலில் அது 44,100 இடங்கள் கொண்ட ஒரு வரிசை. ஒரு முனையில் புது எண்ணைப் போட்டு, மறுமுனையில் பழைய எண்ணை எடுத்துப் பாதியாக்கிக் கூட்டுகிறோம். இதற்குப் பெயர் டிலே லைன். கூட்டி வந்த விடையையே மறுபடி வரிசைக்குள் விட்டால் எதிரொலிக்கும் எதிரொலி பிறக்கும்: பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்துகொண்டே போகும். பெருக்கும் எண் 1 ஆனால் ஒலி அடங்கவே அடங்காது. 1ஐத் தாண்டினால் பெருகிப் பெருகி வெடிக்கும். முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது தயவுசெய்து காதில் ஹெட்போன் மாட்டாதீர்கள்.

ஆனால் சீரான இடைவெளியில் வரும் எதிரொலி மண்டபம் ஆகாது. மண்டபத்தில் ஒலி கூரையிலும் தூணிலும் தரையிலும் பட்டு, எண்ண முடியாத வேளைகளில் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1961, 1962 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கு வழி சொன்னார். விநாடிக்கு 1,000 அளவில் எதிரொலிகள் வந்தால் காதுக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. அத்தனையையும் ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. மேலே சொன்ன சுழலும் டிலே நான்கைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்; அவற்றைக் காம்ப் ஃபில்டர் என்பார்கள். நீளங்களை ஒன்றோடொன்று பொருந்தாத எண்களாக எடுத்தால் எதிரொலிகள் ஒரே வேளையில் வந்து மோதாது. வரும் விடையை ஆல்பாஸ் எனப்படும் இன்னும் இரண்டு குட்டி டிலேக்களுக்குள் விட்டால் எதிரொலிகள் மேலும் அடர்ந்துவிடும்.

இதே கட்டமைப்பை விரித்து எழுதப்பட்டதுதான் ஃப்ரீவெர்ப். ஜெசர் என்ற பெயரில் ஒருவர் எழுதி, உரிமை எதுவும் கோராமல் பொதுவில் விட்ட நிரல் அது. எட்டு காம்ப், நான்கு ஆல்பாஸ். காம்ப்களில் குட்டையானது 1,116 இடங்கள், நெட்டையானது 1,617. ஒலித் தொகுப்பு மென்பொருளான ஒடாசிட்டியில் உள்ள ரிவெர்ப் என்ற மண்டப எஃபெக்ட் இதன் வழிவந்ததே. என்னைக் கேட்டால், எந்த நூலையும் திறப்பதற்கு முன் இந்தச் சிறு நிரலைத்தான் வரிவரியாகப் படிக்கச் சொல்வேன்.

அதன்பிறகு தேடுவது எளிது, ஏனென்றால் எந்த உறுப்பைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. கணிதத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஸ்டீவன் டபிள்யூ. ஸ்மித்தின் சிக்னல் செயலாக்க வழிகாட்டியை எடுக்கலாம். அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஓ. ஸ்மித் தம் நூல்களை முழுவதுமாக இணையத்தில் வைத்திருக்கிறார். ஆழமானவை, பொறுமை வேண்டும். பாஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கான சூத்திரங்கள் ராபர்ட் பிரிஸ்டோ ஜான்சனின் சிறு குறிப்பில் தயாராக இருக்கின்றன. உடோ சோல்சர் தொகுத்து 2002இல் வந்த நூல் ஒவ்வொரு எஃபெக்டையும் நிரலோடு விளக்குகிறது, அது விலைக்கு. எழுதிப் பார்க்க மில்லர் பக்கெட் உருவாக்கிய ப்யூர் டேட்டா போதும். அதில் பெட்டிகளைக் கோட்டால் இணைத்தாலே ஒலி வரும். அதுவும் இலவசம், அவர் எழுதிய பாடநூலும் இலவசம். இவற்றுக்கு இணையாகத் தமிழிலும் நூல்கள் வேண்டும். இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் புரியாத கணக்கே அல்ல.

பழகிப் பார்க்க நம் கடலிலேயே ஒலி இருக்கிறது. திருகோணமலைக்கு அப்பால் திரியும் நீலத் திமிங்கிலங்களின் பாட்டை 1980களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதில் நீளமாக இழுக்கும் ஒரு பகுதி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது. எண்களைப் பத்து மடங்கு வேகத்தில் வாசித்தால் 1,000 ஹெர்ட்ஸ் ஆகித் தெளிவாகக் கேட்கும். வேகத்தை மாற்றுவதும் ஓர் எஃபெக்ட்தான்.

நூல்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் கிதாரும் பியானோவும். நம் வாத்தியங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத்தான் தேட வேண்டும். 1998இல் பார்சலோனாவில் தொடங்கிய டிஜிட்டல் ஆடியோ எஃபெக்ட்ஸ் மாநாட்டின் கட்டுரைகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அந்த மாநாட்டில் தம்புராவுக்குக் கணினி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் வேர் சி. வி. ராமன் 1921இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது: தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் கேட்கக்கூடாதோ, தம்புராவில் அதுவும் ஓங்கிக் கேட்கிறது. வளைந்த குதிரையும் ஜீவாளி நூலும் செய்கிற வேலை அது.

அந்த மாதிரியின் சமன்பாடுகள் கடினம். அதற்கு முன்படியாக, கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறை இருக்கிறது. 200 இடங்கள் கொண்ட டிலே லைனை ஏதோ எண்களால் நிரப்பி, அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை மறுபடி உள்ளே அனுப்பினால் மீட்டிய தந்தியின் நாதம் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸில் கேட்கும். எதிரொலியை எழுதி முடித்தவர் இதற்காக மாற்ற வேண்டியது மிகச் சில வரிகளே.