கணினிக் காவல்

முற்காலத்தில் செல்வர் தம் பொன்னையும் பொருளையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினர். அரசர் தம் நகரைச் சுற்றி மதில் எழுப்பி அகழி அமைத்தனர். கள்வன் ஒருவன் வருவதாயின், தன் காலால் நடந்து வந்து, தன் கையால் கன்னமிட்டாக வேண்டும். இன்று நிலைமை வேறு. வங்கியின் கணக்கு, மருத்துவமனையின் நோய்க்குறிப்பு, மின்நிலையத்தின் இயக்கம், வானூர்திகளின் பயணப் பட்டியல் ஆகிய யாவும் கணினிகளில் அடங்கியுள்ளன. அக்கணினிகளோ இணையத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. ஆதலின், ஆயிரக்கணக்கான கல் தொலைவில் அமர்ந்திருக்கும் ஒருவன், தன் நாற்காலியை விட்டு எழாமலே, ஒரு மருத்துவமனையின் ஏடுகளையெல்லாம் பூட்டிவிட்டு, பணம் தந்தாலன்றித் திறக்க இயலாது என்று மிரட்ட முடிகிறது.

இத்தகைய கள்வரிடமிருந்து நிறுவனங்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்டு, அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு தோன்றியது கிரௌட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம். பதின்மூன்று ஆண்டுகளில் அது உலகின் பெருநிறுவனங்கள் பலவற்றிற்குக் காவலாக உயர்ந்தது. அதே நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், தன் பிழையால் 85 இலட்சம் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. எந்த ஆற்றல் அதனை உயர்த்தியதோ, அதே ஆற்றல்தான் அன்று தீங்கும் விளைத்தது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண்போம்.

அந்நிறுவனத்தை நிறுவியவர் மூவர். அவருள் முதல்வர் ஜார்ஜ் கர்ட்ஸ் என்பவர். கணினிக் கள்வர் கையாளும் சூழ்ச்சிகளை விளக்கி, அவற்றைத் தடுக்கும் வழிகளையும் கூறும் நூல் ஒன்றை அவர் நண்பர் இருவருடன் சேர்ந்து 1999ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் பவுண்ட்ஸ்டோன் என்ற சிறு நிறுவனத்தையும் தொடங்கினார். 2004ஆம் ஆண்டு மெக்காஃபி என்னும் பெரிய நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. கர்ட்ஸும் அங்குச் சென்று, பின்னர் அதன் தலைமைத் தொழில்நுட்ப அலுவலரானார்.

மெக்காஃபி போன்ற நிறுவனங்கள் அந்நாளில் காவல் புரிந்த முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணினிக்குக் கேடு விளைக்கும் நிரல்களை வைரஸ் என்று மக்கள் பொதுவாக அழைப்பர். ஒரு வைரஸ் அகப்பட்டதும், அதன் தனி அடையாளத்தைக் குறித்து ஒரு பட்டியலில் சேர்ப்பார்கள். அப்பட்டியல் ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பப்படும். கணினியில் உள்ள கோப்புகளைக் காவல் மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். பழைய குற்றவாளிகளின் படங்களைக் காவல் நிலையச் சுவரில் மாட்டி வைப்பதைப் போன்றது இம்முறை. முன்பு பிடிபட்ட கள்வனை இது காட்டிக்கொடுக்கும். இன்று முதன்முறையாகக் களவுக்கு வந்தவனை என்ன செய்யும்? மேலும், பட்டியல் வளர வளரக் கணினியின் வேலையும் மெதுவாயிற்று. ஒருமுறை கர்ட்ஸ் வானூர்தியில் சென்றுகொண்டிருந்தார். அடுத்த இருக்கையில் இருந்தவர் தம் மடிக்கணினியைத் திறந்துவிட்டு, அதில் காவல் மென்பொருள் இயங்கத் தொடங்கும்வரை 15 நிமிடம் வாளா காத்திருந்தார். அம்மென்பொருள் கர்ட்ஸ் பணியாற்றிய மெக்காஃபி நிறுவனத்தினுடையதே! புதிய நிறுவனம் தொடங்கும் எண்ணத்தைத் தூண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்று அவர் பிற்காலத்தில் கூறினார்.

2011ஆம் ஆண்டில் கர்ட்ஸ் பதவியை விட்டு விலகினார். திமித்ரி அல்பெரோவிச், கிரெக் மார்ஸ்டன் ஆகிய இருவரும் அவரோடு இணைந்தனர். வார்பர்க் பின்கஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுத்து உதவியது. அல்பெரோவிச் ரஷ்யாவின் தலைநகராகிய மாஸ்கோவில் பிறந்தவர். கூகுள் முதலிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் அயலார் புகுந்த செய்தி 2010ஆம் ஆண்டு வெளியானபோது, மெக்காஃபியில் இருந்து அதனை ஆராய்ந்தவர் அவர். நிரலைப் பிடிப்பதோடு நிறுத்தலாகாது, அதன் பின்னே நிற்கும் மனிதரை அறிய வேண்டும் என்பதே அவரும் கர்ட்ஸும் கொண்ட கொள்கை. அக்கொள்கையின்படி, கள்வர் கூட்டங்களுக்கு அவர்கள் விலங்குகளின் பெயரை இட்டனர். ரஷ்ய அரசைச் சார்ந்தவை என அவர்கள் கருதிய கூட்டங்கள் கரடிகள். சீனத்தைச் சார்ந்தவை பாண்டாக்கள். ஈரானைச் சார்ந்தவை பூனைக்குட்டிகள். எந்நாட்டையும் சாராது பணம் பறிப்பதே தொழிலாக உடையவை சிலந்திகள். குழந்தைக் கதை போலத் தோன்றினும் இதில் பயன் உண்டு. பெயரிடப்பட்ட பகைவனின் பழக்கங்களைத் தொடர்ந்து குறித்து வைத்தல் எளிது.

2013ஆம் ஆண்டு ஃபால்கன் என்னும் அவர்களது மென்பொருள் வெளிவந்தது. ஃபால்கன் என்பது வல்லூறு. நிறுவனத்தின் ஒவ்வொரு கணினியிலும் உணரி என்னும் சிறு நிரல் ஒன்று அமரும். அது பட்டியலைச் சுமப்பதில்லை. கணினியில் நடப்பவற்றைக் கவனித்து, தொலைவிலுள்ள மைய நிலையத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். அங்குள்ள ஆற்றல் மிக்க கணினிகள் அச்செய்திகளை ஒருங்கே ஆராயும்.

இங்கே ஆராயப்படுவது முகம் அன்று, நடத்தை. திருவிழாவுக்கு வந்த ஒருவன் நல்ல உடை உடுத்தியிருக்கலாம். அவன் படம் எந்தக் காவல் நிலையத்திலும் இல்லாதிருக்கலாம். ஆயினும் நள்ளிரவில் அவன் தெருவிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பானாயின், விழிப்புள்ள காவலன் அவனை விடுவானா? அதுபோல, கடிதம் ஒன்றைத் திறந்தவுடன், அக்கடிதம் கணினிக்குத் தானே கட்டளையிடத் தொடங்கி, அறியாத இடத்திலிருந்து ஒரு நிரலை வரவழைத்து, கடவுச்சொற்கள் வைக்கப்பட்டுள்ள இடத்தைத் தேடுமாயின், அது கடிதத்தின் நடத்தை அன்று. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு செயலும் குற்றமற்றதாகத் தோன்றும். தொடர்ச்சியாக நோக்கினால்தான் களவு புலப்படும். திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு, உரியவர் போலவே நுழையும் கள்வர் இன்று மிகுந்துவிட்டனர். 2023ஆம் ஆண்டில் இந்நிறுவனம் கண்டறிந்த தாக்குதல்களுள் 75 விழுக்காட்டில் தீய நிரல் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. பழைய பட்டியல் முறை இவற்றின் முன் செயலற்றுப் போகும்.

இம்முறையின் உயிர் விரைவே ஆகும். ஒரு கணினிக்குள் புகுந்த கள்வன், அங்கிருந்து அடுத்த கணினிக்குத் தாவ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்பதை இவர்கள் அளந்தனர். 2023ஆம் ஆண்டில், குற்றக் கூட்டங்களைப் பொறுத்தவரை, சராசரி 62 நிமிடம். மிக விரைந்த ஒரு கூட்டத்துக்கு 2 நிமிடம் 7 நொடியே போதுமானதாயிற்று. ஆதலின், 1 நிமிடத்தில் கண்டறிதல், 10 நிமிடத்தில் ஆராய்தல், 60 நிமிடத்தில் அகற்றுதல் என்பதை இவர்கள் இலக்காக வகுத்தனர். ஓரிடத்தில் புதிய சூழ்ச்சி ஒன்று தென்பட்டால், அதனை இனங்காணும் குறிப்பு உலகெங்கும் உள்ள உணரிகளுக்கு உடனே சென்றாக வேண்டும்.

நிறுவனம் விரைந்து வளர்ந்தது. 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, தன் கணினிகளில் அயலார் நடமாட்டம் உண்டோ என ஐயுற்று இவர்களை அழைத்தது. ஒன்றல்ல, இரண்டு கரடிகள் உள்ளே இருப்பதை இவர்கள் கண்டனர். ஒரே வீட்டில் புகுந்த அவ்விரு கூட்டமும் ஒன்றையொன்று அறிந்திருந்ததாகத் தெரியவில்லை என்பது வேடிக்கை. ரஷ்யா இக்குற்றச்சாட்டை மறுத்தது. கிரௌட்ஸ்டிரைக்கின் பெயரோ நாளிதழ்கள்தோறும் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பங்குகளை விற்று 61 கோடி டாலர் திரட்டியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 29,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதன் காவலில் இருந்தன. அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள், அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் இடம்பெறும் எஸ் அண்டு பி 500 என்னும் பங்குப் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டது. அதற்குப்பின் நான்கு வாரங்கூட முழுமையாகக் கழியவில்லை.

அடுத்து நிகழ்ந்ததை அறிய, உணரி அமர்ந்திருக்கும் இடத்தை அறிதல் வேண்டும். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருளுக்கு இயக்குதளம் என்று பெயர். விண்டோஸ் அத்தகைய ஒன்று. அதன் நடுவே, நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் நேரே கட்டுப்படுத்தும் கருவறை போன்ற பகுதி உண்டு. நாம் பயன்படுத்தும் சாதாரண நிரல்கள் அதற்கு வெளியே நின்றே இயங்கும். அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் அது மட்டும் நின்றுபோகும்; கணினி நிற்காது. ஆயின் வெளியே நிற்கும் காவலனைக் கள்வன் எளிதில் வீழ்த்திவிடுவான். எனவே விண்டோஸ் கணினிகளில் ஃபால்கன் உணரியின் ஒரு பகுதி கருவறைக்குள்ளேயே அமர்த்தப்பட்டது. கணினி விழித்தெழும்போதே அதுவும் எழும். அங்கிருந்து யாவற்றையும் காணலாம். அங்கே பிழை நேர்ந்தாலோ, மேலும் கேடு நேராதிருக்க இயக்குதளம் முழுவதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அப்போது திரை நீலநிறமாகிவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு, புதிய சூழ்ச்சிகளை இனங்காணும் குறிப்புக் கோப்பு ஒன்று விண்டோஸ் உணரிகளுக்கு அனுப்பப்பட்டது. பிழையை உணர்ந்து, 10 மணி 57 நிமிடத்துக்கு அதனைத் திரும்பப் பெற்றனர். இடைப்பட்ட காலம் 78 நிமிடம். அதற்குள் கோப்பைப் பெற்ற கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. அவற்றின் தொகை ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அவை பெரும்பாலும் முக்கியப் பணிகளில் இருந்தவை. பிரிட்டனில் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பை இழந்தது. மருத்துவர் பலர் நோயாளிகளின் குறிப்புகளைக் காண இயலாது தவித்தனர். அமெரிக்காவில் மருத்துவமனைகள் சில, அவசரமல்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. டெல்டா என்னும் வானூர்தி நிறுவனம் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 பயணங்களை நீக்கியது. நம் நாட்டிலோ, ஐதராபாத் முதலிய இடங்களில் வானூர்தி ஏறுவதற்கான போர்டிங் பாஸ் சீட்டுகளை ஊழியர்கள் பேனாவால் எழுதித் தந்தனர். காகிதமும் பேனாவும் அன்று பெருமை பெற்றன.

இதற்குக் காரணமாக இருந்த பிழை மிகச் சிறியது. வினாத்தாளில் 21 வினாக்கள் உள்ளன. விடைத்தாளில் 20 கட்டங்களே உள்ளன என்று கொள்வோம். இருபத்தொன்றாம் விடையைத் திருத்துவோர் எங்கே தேடுவார்? குறிப்புக் கோப்பின் அமைப்பு 21 செய்திகளை எதிர்பார்த்தது. உணரியின் நிரலோ 20 செய்திகளையே அளித்தது. அதற்கு முன் அனுப்பிய கோப்புகளில், இருபத்தொன்றாம் இடத்தில் எதுவாயினும் ஏற்கலாம் என்றே குறிக்கப்பட்டிருந்தமையால், எவரும் அவ்விடத்தை நோக்கவில்லை; சோதனைகளும் அதனைக் காட்டவில்லை. அன்று அனுப்பிய கோப்பு முதன்முறையாக அங்கே குறிப்பிட்ட ஒன்றைத் தேடிற்று. நிரல் இல்லாத இடத்தைப் படிக்க முயன்றது. கருவறையில் பிழை விழுந்தது. கோப்புகளைச் சரிபார்க்கும் மென்பொருளும் ஒன்று இருந்தது. அதுவும் பிழைபட்டதாகவே இருந்தது. இவற்றினும் பெரிய குறை வேறொன்று உண்டு. அக்கோப்பை முதலில் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்து, பின்னர் ஏனையவற்றுக்கு அனுப்பும் வழக்கம் இத்தகைய குறிப்புகளுக்கு இல்லை. கள்வனை முந்த வேண்டும் என்ற வேகமே அதற்குக் காரணம்.

கோப்பைத் திரும்பப் பெற்ற பின்னும் நின்ற கணினிகள் பல எழவில்லை. எழும்போதே உணரியும் எழுந்து, பழுதான கோப்பைப் படித்து, மீண்டும் விழுந்தது. தொலைவிலிருந்து அவற்றைத் திருத்துதல் அரிதாயிற்று. ஊழியர்கள் கணினி இருக்கும் இடத்துக்கே சென்று, அதனைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கினர். களவுக்கு அஞ்சி வட்டுகளை மறையீடு செய்து பூட்டியிருந்த கணினிகளில், முதலில் 48 இலக்கங்கள் கொண்ட திறவு எண்ணைத் தட்டச்சிட வேண்டியிருந்தது. அவ்வெண்களைக் குறித்து வைத்திருந்த கணினியும் சில இடங்களில் வீழ்ந்து கிடந்ததாம்! ஜூலை 25ஆம் நாளுக்குள் விண்டோஸ் உணரிகளில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மீண்டும் இயங்கத் தொடங்கின. ஆப்பிள் மாக் கணினிகளுக்கும் லினக்ஸ் கணினிகளுக்கும் அன்று தீங்கு நேரவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சிலர் கூறக்கூடும். அப்பழமொழி இங்குப் பொருந்தாது. வேலி பயிரை மேயவில்லை. பயிரின் மேல் சாய்ந்துவிட்டது. எனினும், நசுங்கிய பயிருக்கு அவ்வேறுபாடு தெரியாது. கர்ட்ஸ் அன்றே பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்தார். செப்டம்பர் 24ஆம் நாள் நிறுவனத்தின் உயர் அலுவலர் ஆடம் மேயர்ஸ் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் நின்று மன்னிப்புக் கேட்டார். குறிப்புக் கோப்புகளும் இனிப் படிப்படியாகவே அனுப்பப்படும் என்றும், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யலாம் என்றும் நிறுவனம் அறிவித்தது. கள்வனுக்குச் சில நிமிடங்களை விட்டுக்கொடுத்தேனும் இதனைச் செய்வதே நன்று என்று கருதினர் போலும்.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் கூடுவர். சிறந்த கண்டுபிடிப்புகளுக்குப் பரிசளிப்பதோடு, ஆண்டின் மாபெரும் தோல்விக்கும் அங்கே ஒரு பரிசு உண்டு. நகையாடும் அப்பரிசைப் பெற எவரும் நேரில் வருவது அரிது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது கிரௌட்ஸ்டிரைக்குக்கு உரியதாயிற்று. நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் செண்டோனாஸ் மேடைக்கு வந்து அதனைப் பெற்றுக்கொண்டார். தலைமை அலுவலகத்தில், நாள்தோறும் பணிக்கு வருவோர் அனைவரும் காணுமாறு அதனை வைக்கப்போவதாகக் கூறி எடுத்துச் சென்றார்.