மண்ணைப் பார்த்து டயர் வாங்குங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் கரிசல் காட்டுக்குள் ஒரு பிக்கப்பை இறக்கிப் பாருங்கள். நூறு அடி போவதற்குள் டயரில் பட்டனே தெரியாது. மண் இடுக்குகளை நிரப்பி, அதற்கு மேலும் இரண்டு விரல் கனத்துக்கு அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்குள்ளும் ஏறி அடைக்கும். நேற்றுப் போட்ட புத்தம்புது ஆல் டெரெய்ன் (ஏ.டி.) டயரும் அந்த நேரத்தில் மொட்டை டயர்தான். மண்ணை உதறித் தள்ள பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே பெரிய இடைவெளி வேண்டும். அது எம்.டி. எனப்படும் சேற்று டயரில்தான் இருக்கிறது.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரியை ஒட்டிய பனங்காட்டுப் பாதைக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே செம்மணல். முரட்டுப் பட்டன் உள்ள டயர் சுழன்றால் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கிவிடும். அங்கே வண்டியைக் காப்பாற்றுவது பட்டன் அல்ல, காத்து. 35 பி.எஸ்.ஐ.-யில் ஓடும் டயரை 18 அல்லது 20-க்கு இறக்கினால், அது ஒட்டகத்தின் பாதம் போலப் பரந்து மணலின் மேல் மிதக்கும். டயர் தரையில் பதியும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. சாதாரண ரோட்டு டயரைக்கூட இப்படிக் காத்து இறக்கி மணலில் ஓட்டிவிடலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றியாக வேண்டும். அதனால் தேரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல டயர் அல்ல, வண்டியில் செருகும் சின்ன கம்ப்ரஸர்.

மூன்றாவது மண், மலை. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பாதைகளில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்விட, கூர்மையான கல் மட்டும் நிற்கும். அந்தப் பாதையில் மூட்டை ஏற்றும் ஓட்டுநர் ஒருவரிடம், “இவ்வளவு பட்டன் இருக்கே அண்ணே, ஏன் மாத்துறீங்க?” என்று கேட்டேன். அவர் டயரைத் திருப்பி, பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு இழை தெரியக் கிழிந்திருந்த இடத்தைக் காட்டினார். “கல்லு நேரா குத்தாது சார். ஓரத்துலதான் கிழிக்கும்” என்றார். பட்டன் பகுதியில் பஞ்சர் ஆனால் ஒட்டி ஓட்டலாம். சைடு வால் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது. மலைக்காரர் பார்க்க வேண்டியது சைடு வாலின் கனத்தையும், தோள் பகுதியில் பக்கவாட்டில் இறங்கிவரும் பட்டன்களையும்தான்.

ஒரே பெயரில் விற்கும் டயரிடம் மூன்று மண்ணும் மூன்று வேறு காரியங்களைக் கேட்கின்றன. அதனால்தான் ‘எது நல்ல ஏ.டி. டயர்?’ என்ற கேள்விக்குக் கடைக்காரரால் நேர்மையான பதில் சொல்ல முடிவதில்லை. ஐம்பதுக்கு ஐம்பது, எழுபதுக்கு முப்பது என்று ரோட்டையும் காட்டையும் பங்கு பிரித்துச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு எந்தத் தரநிலையும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஏ.டி. மற்றொரு கம்பெனியின் ரோட்டு டயர் அளவுக்குச் சாதுவாக இருக்கும்; இன்னொன்றின் ஏ.டி. பாதி சேற்று டயராக இருக்கும். பெயரை விட்டுவிட்டுப் பட்டனைப் பாருங்கள்.

பார்க்கும்போது நான்காவது மண்ணையும் மறக்கக் கூடாது. அது நனைந்த தார் ரோடு. எவ்வளவு பெரிய தோட்டக்காரரும் தன் பிக்கப்பை அதிக நேரம் ஓட்டுவது அதில்தான். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி கூடக் கூட, ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. அதனால் மழையில் பிரேக் பிடித்தால், எச்.டி. எனப்படும் ரோட்டு டயரைவிட ஏ.டி. டயர் பொதுவாகக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். பிக்கப்புக்கு இது இன்னும் ஆபத்து. பின்தொட்டி காலியாக இருந்தால் பின் சக்கரத்தின் மேல் கனமே இருக்காது. வளைவில் சட்டென்று பின்பக்கம் ஒதுங்கும். கடையில் ஒவ்வொரு பட்டனின் முகத்திலும் மெல்லிய வெட்டுக்கோடுகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். நனைந்த ரோட்டைப் பிடிப்பதில் அந்தக் கோடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை பாதி ஆழத்தோடு நின்றுவிட்டால், டயர் பாதி தேய்ந்ததும் அந்தப் பிடியும் போய்விடும். முகம் வழவழவென்று கட்டியாக இருக்கும் பட்டன் காட்டில் கம்பீரமாக இருக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மழை பெய்யும்போது அது எனக்கு வேண்டாம்.

அடுத்தது சுமை. கார் டயரிலிருந்து பிக்கப் டயர் பிரியும் இடம் இதுதான், பலர் கவனிக்காமல் விடும் இடமும் இதுதான். 265/65 R17 அளவை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டுமானத்தில் அதன் சுமை எண் 112, அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோ. அதே அளவு எல்டி (லைட் டிரக்) என்ற எழுத்தோடு, பத்து பிளை ரேட்டிங்கில் வந்தால் 120/117 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரத்துக்கு 1400 கிலோ, பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1285 கிலோ. ஒரே மாடல் இரண்டு கட்டுமானத்திலும் கிடைக்கும். யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. ஜி015 அப்படித்தான். கடைக்காரர் பெயரைச் சொன்னால் போதாது, சைடு வாலை நீங்களே படியுங்கள். கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டும்போது அதன் சுமைத் திறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. பிக்கப்பின் மேல் வரும் சுமை அப்படிப்பட்டது.

அப்படியானால் எல்லாரும் எல்டி வாங்கிவிடலாமே என்றால், கூடாது. அந்த 1400 கிலோ, டயரில் 80 பி.எஸ்.ஐ. காத்து இருக்கும்போது கிடைப்பது. அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காத்து வேண்டும். பழைய பழக்கத்தில் 32 பி.எஸ்.ஐ. பிடித்து மூட்டை ஏற்றினால் பலமான டயரைப் பலவீனமாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சுமையே ஏற்றாதவருக்கு எல்டி டயர் கட்டைபோல் இறுகி, வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு சக்கரமும் சில கிலோ கனம் கூடுவதால் டீசலும் அதிகம் குடிக்கும். தினமும் மூட்டை ஏற்றுபவர், கல் பாதையில் ஏறுபவர் ஆகியோருக்குத்தான் எல்டி. வார இறுதியில் குடும்பத்தோடு மலைக்குப் போகிறவருக்குச் சாதாரணக் கட்டுமானமே சுகம்.

சைஸ் விஷயத்தில் இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது உண்டு. பெரிய டயர் அழகுதான். ஆனால் 265/65 R17-க்குப் பதில் 265/70 R17 போட்டால் டயரின் உயரம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியரின் இழுவை குறையும். முழுதாகத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் செய்யும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரோடு அதைப் பற்றி வாதாட நேரலாம்.

அழகுக்காக அல்லாமல் காரியத்துக்காக மாற்ற நினைப்பவருக்கு வேறு வழி உண்டு. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் ஒரு வகைக்கு 265/65 R17, உயர்ந்த வகைக்கு 265/60 R18. இரண்டின் மொத்த உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் 17 அங்குல ரிம்மில் சைடு வால் 172 மில்லிமீட்டர், 18-இல் 159. அந்த 13 மில்லிமீட்டர் ரப்பர்தான் கல்லில் அடிபடும்போது ரிம்மைக் காப்பாற்றுகிறது. காத்து இறக்கும்போது வளைந்து கொடுக்கிறது. உயர்ந்த வகை வாங்கியவர் மலைப்பாதைக்கு அதே கம்பெனியின் 17 அங்குல ரிம்முக்கு இறங்கினால் ஸ்பீடோமீட்டரும் பிசகாது.

சைடு வாலில் இன்னும் இரண்டு விஷயம். மூன்று சிகரமும் நடுவே பனித்துகளும் வரைந்த முத்திரை, பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம். லடாக் போகிறவருக்கு அது பயன்படும். நம் வெயிலில் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. இரண்டாவது, நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏ.டி. டயர் எல்லா ஊரிலும் வேகமாக விற்கும் சரக்கு அல்ல; கடையில் வெகுநாள் கிடந்தது உங்கள் தலையில் விழலாம். படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்க வேண்டும். ஹைலக்ஸானாலும் இசுசு வி-க்ராஸானாலும், நம் ஊர் 4x4 பிக்கப்புகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைத்துவிடும் அமைப்புதான் இருக்கிறது. தேய்ந்த இரண்டும் புதுசு இரண்டுமாக மாட்டி 4x4 போட்டால், உயர வித்தியாசத்தின் இழுபறி கியர் பெட்டிகளின் மேல் விழும். ஸ்டெப்னியையும் சேர்த்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். பெரிய பட்டன் டயர் ஒரே இடத்தில் கிடந்தால் ஒருபக்கமாகத் தேய்ந்து, உள்ளங்கையால் தடவினால் வாள்பல் தட்டும். பிறகு அதன் இரைச்சலைச் சாகும்வரை கேட்க வேண்டியதுதான்.

சம்பாதிக்க ஓடும் வண்டியோ, ஆசைக்கு ஓட்டும் வண்டியோ, தமிழ்நாட்டில் பெரும்பாலான பிக்கப்புக்கு என் தீர்ப்பு இதுதான்: கம்பெனி கொடுத்த அளவிலேயே, பட்டன் முகத்தில் ஆழமான வெட்டுக்கோடுகள் உள்ள மிதமான ஏ.டி. மூட்டையும் கல்லும் அன்றாடம் என்றால் அதிலேயே எல்டி. கரிசலில் மட்டுமே உழல்பவர் எம்.டி.க்குப் போகட்டும். காட்டுப் பக்கமே போகாதவர் எச்.டி.யோடு நிம்மதியாக இருக்கட்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருக்கும்வரை ஓட்டலாம் என்கிறது மோட்டார் வாகன விதி. மலையில் இறங்கும் பிக்கப்புக்கு அது போதாது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இந்த மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.