முள்கம்பியும் முதல் உலகப் போரும்

முள்கம்பி வேலி என்றதும் தோட்டமும், அதற்குள் நுழையப் பார்க்கும் மாடும்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையிலேயே அது மாடுகளுக்காகத்தான் உண்டாயிற்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கம்பி ஐரோப்பாவில் மனிதர்களைத் தடுக்கும் வேலியாக நின்றது. முதல் உலகப் போர் என்றால் விஷவாயுவையும் விமானத்தையும் பற்றியே பலரும் பேசுவர். இந்த எளிய கம்பியின் பங்கு அவற்றிற்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது தளபதிகள் பழைய முறையையே நம்பியிருந்தனர். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு வீரர்கள் பாய்ந்து சென்றால் பகைவர் ஓடிவிடுவர் என்பது அவர்கள் கணக்கு. பிரெஞ்சு வீரர்கள் சிவப்புக் காற்சட்டை அணிந்தே களம் புகுந்தார்கள்! குறிபார்ப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? எதிரே இருந்ததோ இயந்திரத் துப்பாக்கி. ஹைரம் மாக்சிம் 1884-இல் உருவாக்கிய அந்த வகைத் துப்பாக்கி நிமிடத்திற்குச் சுமார் 600 குண்டுகளைப் பொழியும். தப்பிக்க ஒரே வழி மண்ணுக்குள் புகுவதுதான். ஆண்டு முடிவதற்குள் வடகடல் முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை பதுங்கு குழிகள் நீண்டன. குழிக்கு முன்னால் முள்கம்பிச் சுருள்கள். ஓடிவருபவனைக் கம்பி நிறுத்தும். நின்றவனைத் துப்பாக்கி வீழ்த்தும்.

பீரங்கியால் கம்பியை நொறுக்கிவிடலாம் என்று பிரிட்டிஷ் தளபதிகள் கருதினர். பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் 1916 ஜூன் இறுதியில் ஒரு வாரம் இரவு பகலாக 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசினர். அவற்றுள் பெரும்பாலானவை வானில் வெடித்து ஈயக் குண்டுகளைச் சிதறுபவை. வெட்டவெளியில் நிற்கும் ஆளை அவை கொல்லும். கம்பியை எளிதில் அறுக்கா. ஜெர்மானியரோ நிலத்தடியில் ஆழ்ந்த அறைகளில் காத்திருந்தனர். ஜூலை 1 காலை 7.30 மணிக்கு பிரிட்டிஷ் வீரர்கள் குழிகளைவிட்டு ஏறினர். பல இடங்களில் கம்பி அப்படியே கிடந்தது. அன்று ஒரே நாளில் இறந்தவர் 19,240 பேர். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிகள் பத்தொன்பதை எண்ணிப் பாருங்கள், தோழியரே! தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோனதால், முன்னே நடப்பது பின்னே இருந்த தளபதிகளுக்கு உடனே தெரியவுமில்லை.

இந்தக் கம்பியை மிதித்துச் செல்லவே டாங்கி பிறந்தது. இரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி வைத்த பெயர் அது. 1916 செப்டம்பர் 15-இல் முதன்முதல் களம் கண்டபோது பல டாங்கிகள் பழுதாகி நின்றன. கருவி மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் முறையும் மாறவேண்டும் என்பது அடுத்த ஆண்டே விளங்கியது. 1917 நவம்பர் 20-இல் காம்பிரே என்னுமிடத்தில் 400-க்கும் மேற்பட்ட டாங்கிகள் ஒன்றாகப் புறப்பட்டன. முன்கூட்டியே நாட்கணக்கில் குண்டு வீசிப் பகைவரை எழுப்பிவிடவில்லை. அகன்ற குழிகளைக் கடக்க டாங்கிகள் ஒரு டன்னுக்கும் மிகுந்த சுள்ளிக் கட்டுகளைச் சுமந்து சென்று குழிக்குள் தள்ளின. யந்திர யுகத்தில் விறகுக்கட்டுக்கும் வேலை கிடைத்தது வேடிக்கைதான்! மாதக்கணக்கில் போராடியும் கிடைக்காத நிலம் ஒரே நாளில் கைக்கு வந்தது.

செய்தி கேட்டு இங்கிலாந்தில் தேவாலய மணிகள் ஒலித்தன. ஆனால் ஜெர்மானியரும் புதுமுறை கற்றிருந்தனர். வலுவான இடங்களை மோதாமல், சிறு சிறு குழுக்களாக இடைவெளிகளில் ஊடுருவினர். நவம்பர் 30-இல் அவர்கள் தொடங்கிய எதிர்த்தாக்குதல், இழந்த நிலத்தின் பெரும்பகுதியைச் சில நாட்களில் மீட்டுக்கொண்டது.