நல்லை நகரும் ஏட்டுச் சுவடிகளும்

ஸ்கொத்லாந்து தேசத்துக் கதாசிரியர் வோல்ற்றர் ஸ்கொற் 1832இல் இறந்தார். மறு ஆண்டே அவர் வாழ்ந்த மாளிகை பொதுமக்கள் காணத் திறந்துவிடப்பட்டது. அவர் இருந்தெழுதிய மேசையும் படித்த நூல்களும் இன்றும் அங்கே உள. வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் இதனை அறிந்தபோது, நம் நல்லூர்ப் புலவர் இருந்தெழுதிய இடம் யாது என்னும் வினா என்னுள் எழுந்தது. அண்மையில் மாணவர் சிலரை அந்நகருக்கு அழைத்துச் சென்றபோது அவ்வினாவையும் உடன்கொண்டு சென்றேன்.

ஆரியச்சக்கரவர்த்திகளின் இராசதானியாய் விளங்கிய நல்லூர் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. இன்று நாம் வழிபடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது. சங்கிலித்தோப்பு வாயிலையும் சிதைந்து நிற்கும் மந்திரிமனையையும் அரசர் காலத்தனவென்றே பலரும் காட்டுவர். ஆயின் இப்பொழுதுள்ள கட்டடங்களின் அமைப்புப் பிற்காலத்ததென ஆய்வாளர் கூறுவர். இதனை மாணவர்க்கு மறைத்தல் முறையன்று. ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் அமைந்த யமுனா ஏரிக்கரையில் நின்றபோது ஒரு மாணவன், “ஐயா, அரசருடைய புத்தகசாலை எங்கே இருந்தது?” என்றான். சரஸ்வதி மகாலயம் என்றொரு நூல்நிலையம் இருந்ததென மரபு கூறும். காட்டுதற்கு ஒரு சுவருமில்லை.

நூல்களோ எஞ்சின. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும், காளிதாசன் காவியத்தைத் தழுவி அரசகேசரி பாடிய இரகுவமிசமும் இன்று நம் கையில் உள்ளன. அரண்மனை அழிந்தும் இவை அழியாதது எவ்வாறு? பனையோலை செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாவது. ஓரேடு நைந்துபோகுமுன் மற்றோரேட்டிற் படியெடுத்தாலன்றி நூல் வாழாது. படியெடுப்பதோ கண்ணும் கையும் நோகும் வேலை. தேவையின்றி எவரும் அதனை மேற்கொள்ளார். பரிகாரியார் மருந்து கூட்டவும், சோதிடர் நாட்பார்க்கவும், புலவர் பாடஞ் சொல்லவும் வேண்டியிருந்தமையால் அவை வீடுகள்தோறும் எழுதப்பெற்றன. அரசர் காத்தவற்றிலும் குடிகள் காத்தவையே மிகுதி என்பது என் துணிபு.

1822இல் அதே நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் ஏட்டை அச்சுக்கு ஏற்றினார். 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவியவர், மறு ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். 1861இல் பரிமேலழகருரையோடு திருக்குறளைப் பதிப்பித்தார். அச்சேறிய நூல் ஓரிடத்தில் எரியினும் பிறிதோரிடத்தில் இருக்கும். அச்சேறாத ஏட்டுக்கு அப்பேறில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் உடன் எரிந்தன.

வினாவெழுப்பிய மாணவன் அடுத்த வாரம் தன் வீட்டுப் பரணிலிருந்து ஏட்டுக்கட்டொன்றைக் கொணர்ந்தான். பாட்டனார் பரிகாரியாராம். ஓரங்கள் செல்லரித்திருந்தன, நடுவேடுகள் நன்றாயிருந்தன. எனக்கு ஏட்டெழுத்துப் பழக்கம் போதாது. அவன் வீட்டாருக்கோ அறவே இல்லை. படிக்கவல்ல முதியவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.