ஆங்கிலத்தில் 'இங்' ஈற்றுச் சொற்களும் அவற்றின் வினைமுதலும்

ஆங்கிலங் கற்கப் புகும் தமிழ் மாணாக்கருக்கு அம்மொழியின் 'இங்' விகுதி முதலில் மிக எளிதாகத் தோன்றுவது. வினைப்பகுதியோடு அதனை ஒட்டிவிட்டாற் போதும். இடமோ பாலோ காலமோ அதில் இல்லை. இடர்ப்பாடு பிறிதோரிடத்தில் எழுகின்றது. அவ்விகுதி பெற்ற சொல்லுக்கு முன்னே ஒரு பிரதிப்பெயர் வரும்போதும், ஒரு முன்னிடைச்சொல் வரும்போதும் எம்மவர் தடுமாறுகின்றனர். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் ஆகிய ஊர்களைச் சேர்ந்த மாணாக்கர் சிலரின் பயிற்சிக் கொப்பிகளை நாம் நோக்கியபோது, அவர்கள் விடும் வழுக்கள் கண்டபடி விடப்பட்டவையல்ல என்பது புலனாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை தமிழிலக்கண நெறி நின்றே பிறந்தவை. ஆதலின் அவற்றைத் தமிழ்வழியே விளக்குவதே பொருத்தமாகும்.

'அவன் பிந்தி வருவது எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதுமாறு கேட்டால், 'ஐ டோன்ட் லைக் ஹி கமிங் லேட்' என எழுதும் மாணாக்கர் பலர். 'ஹி' என்பது எழுவாய் வடிவம். ஆங்கிலேயர் இவ்விடத்தில் 'ஹிஸ் கமிங்' என்பர். அன்றி 'ஹிம் கமிங்' என்பர். 'ஹி கமிங்' என்னார். மாணாக்கன் 'ஹி' என எழுதியது ஏன்? தமிழிலே 'வருவது', 'வருதல்', 'வந்தமை' என்னும் தொழிற்பெயர்கள் தம் வினைமுதலை எழுவாய் வடிவிலேயே ஏற்கும் இயல்பின. 'அவன் வருதல்' என்கிறோம். 'அவனை வருதல்' என்பதில்லை. ஆனால், 'வருகை' என்னும் சொல் வரின் 'அவனது வருகை' என ஆறாம் வேற்றுமை வந்துவிடுகின்றது. 'வருதல்' வினைத்தன்மை மிக்கது; 'வருகை' பெயர்த்தன்மை மிக்கது. 'வலையை வீசுதல்' எனச் செயப்படுபொருளையும் முன்னையது தாங்கும். இவ்விரு நிலைகளுக்கும் தமிழ் இருவேறு வடிவங்களை வைத்துள்ளது. ஆங்கிலமோ இரண்டையும் 'இங்' என்னும் ஒரே சட்டைக்குள் புகுத்திவிட்டது.

அவ்வாறு புகுந்தமைக்கு வரலாற்றுக் காரணமுண்டு. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயர் விகுதியாக 'உங்' அல்லது 'இங்' வழங்கிற்று. நிகழ்கால எச்சத்துக்கு 'எண்டெ' என்னும் வேறொரு விகுதி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்திலே இவை ஒலியால் நெருங்கி, ஈற்றில் ஒரே வடிவாயின. பெயராய் இருந்ததற்கு 'ஹிஸ்' என்னும் உடைமை வடிவம் இயல்பானது. எச்சமாய் இருந்ததற்கு, முன்னுள்ள வினையின் செயப்படுபொருளாகிய 'ஹிம்' இயல்பானது. வடிவம் ஒன்றானபின் எல்லையும் மங்கிற்று. 'ஹிஸ்' நிற்குமிடத்தில் 'ஹிம்' வந்து அமர்ந்தது.

இதனைக் குற்றமென்று கண்டித்தவர் எச். டபிள்யூ. பௌலர். 1906 இல் தம் தம்பியாரோடு சேர்ந்து வெளியிட்ட நூலிலும், 1926 இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்ககராதியிலும், 'ஹிம் கமிங்' போன்ற தொடர்களைப் பெயருமன்றி எச்சமுமன்றி ஒட்டிக் கிடப்பவை என அவர் சாடினார். அவரை மறுத்தவர் ஓட்டோ ஜெஸ்பர்சன். ஆங்கில எழுத்தாளர் பலரின் ஆட்சிகளைத் திரட்டிக் காட்டி, இவ்வழக்கு மொழியின் இயல்பான வளர்ச்சியே என அவர் நிறுவ முயன்றார். ஜெஸ்பர்சன் டென்மார்க்கு நாட்டவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. பிறமொழியாளர் ஒருவர் ஆங்கிலேயருக்கே அவர்தம் வழக்கை எடுத்துக்காட்டிய இச்செய்தி எமக்கு உவகை தருவது. 2002 இல் ஹடில்ஸ்ரனும் புல்லமும் வெளியிட்ட பேரிலக்கணமோ, பெயரென்றும் எச்சமென்றும் பிரிப்பதையே கைவிட்டு, இரண்டுக்கும் ஒரே பெயரிட்டது. இலக்கணிகள் இங்ஙனம் மாறுபடுகையில் மாணாக்கர் மயங்குவது வியப்பன்று.

எனினும் வழக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. 'இங்' தொடர் வாக்கியத்தின் எழுவாயாக வருமிடத்து, பிரதிப்பெயர் உடைமை வடிவம் பெறுதலே செம்மையான எழுத்து வழக்கு. விரும்புதல், எதிர்த்தல், வற்புறுத்தல் முதலிய பொருள்தரும் வினைகளின் பின் இரண்டும் வரலாம். விண்ணப்பத்திலும் கட்டுரையிலும் 'ஹிஸ்' தகும், பேச்சில் 'ஹிம்' மிகும். காணுதல், கேட்டல் என்னும் புலனுணர்வு வினைகளின் பின் வருவது 'ஹிம்' ஒன்றே.

இவ்வேறுபாடு வெறும் நடைவேறுபாடு மாத்திரமன்று. கொக்கிளாயிலோ நாயாற்றிலோ கடற்றொழிலாளர் சங்கமொன்று, ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதுவதாகக் கொள்வோம். 'வி ஆப்ஜெக்ட் டு தெம்' எனத் தொடங்கி 'பிஷிங்' எனத் தொடர்ந்தால், வாசிப்பவர் கண் முதலில் 'தெம்' என்ற ஆட்களின் மேல் விழுகின்றது. 'தெயர் பிஷிங்' என எழுதினால் எதிர்ப்பு செயலின் மேல் நிற்கின்றது. 'மீன்பிடிக்கும் அவர்களை எதிர்க்கிறோம்' என்பதற்கும் 'அவர்கள் ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்க்கிறோம்' என்பதற்கும் உள்ள தூரம் அது. பல ஊரவரும் பல மொழியினரும் தொழில் செய்யும் கடற்கரையில் அத்தூரம் சிறிதன்று.

புலனுணர்வு வினைகளிடத்து இன்னும் நுட்பமானதொன்று உண்டு. 'ஐ சோ ஹிம் கெட் இன்ரு த பஸ்' என்றால், அவன் பஸ்ஸில் ஏறி முடிந்ததைக் கண்டேன் என்பது பொருள். 'கெட்டிங்' என்றாலோ ஏறிக்கொண்டிருக்கக் கண்டேன் என்பதே பொருள். ஏறி முடித்தானா என்பதை அத்தொடர் சொல்லாது. 2009 இன் பின் இம்மாவட்டத்துத் தாய்மாரும் மனைவியரும் தம் உறவினரைக் கடைசியாகக் கண்டவிடத்தைத் தமிழிற் கூறினர்; அக்கூற்றுகள் ஆணைக்குழுக்களின் முன்னும் அலுவலகங்களிலும் ஆங்கிலமாக வேண்டியிருந்தன. 'ஏறியதைக் கண்டேன்' எனத் திட்டமாகச் சொன்ன தாயின் கூற்று 'கெட்டிங்' என மொழிபெயர்க்கப்படின், அவர் கண்ட முடிவு பாதியில் நின்றுவிடும். 'ஒப்படைத்தது நினைவிருக்கிறது' என்பதும் அத்தகையதே. 'ரிமெம்பர்' என்னும் வினையின் பின் 'இங்' வரின் நிகழ்ந்ததன் நினைவு. 'டு' வரின் இனிச் செய்யவேண்டியதன் நினைவு. இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளர் இலக்கணத்தைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆகாது.

இனி முன்னிடைச்சொற்களை நோக்குவாம். தமிழில் உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னே நிற்க, ஆங்கிலத்தில் அவற்றின் வேலையைச் செய்யும் சொற்கள் முன்னே நிற்கின்றன. அவற்றின் பின் வினை வரவேண்டின், அது 'இங்' பெற்றே வரும்: 'ஆப்டர் ஈட்டிங்', 'வித்தவுட் ரெலிங்', 'பை வேர்க்கிங்'. மாணாக்கர் 'ஆப்டர் ஏட்' என எழுதுவதன் காரணம் வெளிப்படை. 'உண்ட பின்' என்பதில் 'உண்ட' இறந்தகாலப் பெயரெச்சம். 'உண்ணுமுன்' என்பதிலோ இறந்தகாலம் இல்லை. தமிழ் காலத்தைச் சொல்லிலேயே காட்டப் பழகிய மாணாக்கன், காலம் காட்டாத 'ஈட்டிங்' என்பதை வறிதெனக் கருதி 'ஏட்' என நிரப்புகின்றான். காலத்தை 'ஆப்டர்', 'பிபோர்' என்னும் சொற்களே தாங்குகின்றன என விளக்கினால் வழு நீங்கும். 'ஆப்டர் ஹி ஏட்' என எழுவாயோடு முழுவாக்கியம் வருதலும் உண்டு. அங்கே 'ஆப்டர்' இணைப்புச் சொல்லாகிவிடுகின்றது.

'டு' என்னும் சொல்லே எல்லாவற்றினும் பெருந்தொல்லை தருவது. 'லுக்கிங் போர்வர்ட் டு' என்பதன் பின் 'ரிற்றேர்ன்' என்று எழுதுவோர் மாணாக்கர் மட்டுமல்லர். அலுவலகக் கடிதங்களிலும் அதனைக் கண்டுள்ளோம். வினையை நோக்கிச் செல்லும் 'டு' வேறு. முன்னிடைச்சொல்லாகிய 'டு' வேறு. அறிதற்கு எளிய வழி, வினையை நீக்கி 'இட்' என்னும் பிரதிப்பெயரை அங்கு இட்டுப் பார்த்தல். 'லுக்கிங் போர்வர்ட் டு இட்' எனத் தொடர் நிலைக்கின்றது. ஆகவே அங்கு வரவேண்டியது 'ரிற்றேர்னிங்'. 'வோன்ட் டு இட்' என்பதோ நில்லாது. அங்கு 'இங்' வாராது.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் மாணாக்கன் ஆங்கிலேயப் பிள்ளையினும் முன்னிற்கின்றான். 'குளக்கட்டில் நடந்து யானை என்னை மறித்தது' என்று முத்தையன்கட்டுச் சிறுவன், தான் நடந்ததைச் சொல்லக் கருதி, ஒருபோதும் சொல்லான். சொன்னால் நடந்தது யானையாகிவிடும் என அவனுக்குத் தெரியும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே முடிபாகக் கொள்ளும் எனத் தொல்காப்பியர் வினையியலில் வகுத்ததை அவன் படித்திருக்க வேண்டியதில்லை. அது அவன் நாவில் இருக்கின்றது. ஆங்கிலத்தில் 'வோக்கிங்' எனத் தொடங்கி யானையை எழுவாயாக்கி எழுதும் வழு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரிடத்தும் மலிந்துள்ளது. 'நடந்து' என்பதும் 'வோக்கிங்' என்பதும் இவ்வகையில் ஒருநெறிப்பட்டவை என ஆசிரியர் சுட்டிக்காட்டினால், மாணாக்கன் அவ்வழுவை எளிதில் விலக்குவான். 'நான் நடந்து வருகையில் யானை மறித்தது' எனத் தமிழ் தன் எச்சத்தை மாற்றிக்கொள்வது போலவே, ஆங்கிலத்தில் 'ஆஸ் ஐ வோஸ் வோக்கிங்' என எழுவாயை வெளிப்படுத்தி எழுதவேண்டும் என்பதையும் அவ்விடத்திலேயே கற்பித்துவிடலாம்.