வள்ளூரிலிருந்து மேற்கே ஒரு சைக்கிள் தடம்

வள்ளூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அனல்மின் நிலையம்தான். 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 1,500 மெகாவாட். கிழக்கே போனால் வடசென்னை அனல்மின் நிலையம், அதையும் தாண்டினால் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். பட்டமந்திரிப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் போய் "உடம்புக்கு நல்லது, சைக்கிள் மிதியுங்கள்" என்று சொன்னால், "எங்கே மிதிக்கிறது, டிரெய்லருக்கு அடியிலயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஊரின் மேற்கே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது.

மலைப்பாதை சைக்கிள் என்பது 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைச்சரிவுகளில் வளர்ந்த விளையாட்டு. பாறை, பள்ளம், தலைகீழ் இறக்கம் எல்லாம் அதில் உண்டு. நமக்கு அதெல்லாம் வேண்டாம். அந்த வண்டிகளுக்கு இருக்கும் தடித்த டயரும் கியரும் மட்டும் போதும். கடலை நெருங்க நெருங்க கொசஸ்தலை தட்டையான வயல்வெளியில் ஓடுகிறது. கரை ஏறும் இடத்தைத் தவிர மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஏதோ ஒன்று தொடங்கிவிட்ட நாற்பது வயதுக்காரருக்கு இதைவிட இதமான தடம் வடசென்னையில் கிடைப்பது அரிது.

மண் பாதை உடம்புக்குச் செய்வது

உடலுழைப்பை அளக்க விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை 1 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் சாவகாசமாக சைக்கிள் விடுவது 4. வயல்வரப்பு போன்ற மண் பாதையில் மிதமான வேகத்தில் போவது 5.8. மேடு பள்ளமான மலைத்தடம் 8.5. 6-ஐத் தாண்டினால் அது கடுமையான உழைப்பு. அதாவது மண் பாதை, கடுமைக்குச் சற்றுக் கீழே நம்மை நிறுத்துகிறது. மூச்சு வேகமாகும், வியர்க்கும், ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான அளவு. கைக்கடிகாரக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் மிதித்தால் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் போய்விட்டு மற்ற ஆறு நாளும் சாய்ந்துகிடப்பவர்களை நிறையப் பார்க்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது தசைகள் இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. உழைப்பு நின்ற பிறகும் இன்சுலினுக்கு உடம்பு நன்றாக இணங்கும் நிலை ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் நீடிக்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னொரு லாபம். நடக்கும்போது முழங்கால் மேல் இறங்கும் உடல் எடையின் பெரும்பகுதியை சைக்கிளில் சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீள்வதால் தொடைத்தசை வலுவாகும். எடை கூடி நடக்கவே சிரமப்படுபவர் நடைப்பயிற்சியைக் காட்டிலும் சைக்கிளில் தொடங்குவது எளிது. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது நல்ல காரியம். அந்த எட்டு கிலோமீட்டரைக் கண்டே மலைக்கும் முழங்கால்களுக்கும் யாராவது ஒரு தடம் போட்டுக் கொடுக்கலாம்.

மூன்று தடங்கள்

முதல் தடம் வள்ளூரிலிருந்தோ மீஞ்சூரிலிருந்தோ ஆற்றங்கரைக்கு. ஆற்றின் குறுக்கே வள்ளூர் அணைக்கட்டு இருக்கிறது. பாசனக் கால்வாய்களுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டியது. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போனால் தண்ணீர் நிற்கும். கரையோரம் கொக்கும் நாரையும் இருக்கும். சீமாவரம் பக்கமாகக் கரைமேல் போகும் மண் பாதையில் மாட்டு வண்டித் தடமும் பைக் தடமும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் பதினைந்து நிமிடம் போய், பதினைந்து நிமிடம் திரும்பினால் போதும். எவ்வளவு தூரம் என்று பார்க்காமல், எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள். திரும்பும்போது காற்று எதிரே அடிக்கலாம். அதனால் களைப்பு தொடங்குவதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மீஞ்சூரிலிருந்து வடக்கே திருவெள்ளைவாயல், காட்டூர், தத்தமஞ்சி. வழி நெடுக நெல்வயல். காட்டூரிலும் தத்தமஞ்சியிலும் பெரிய ஏரிகள்; ஏரிக்கரையே தடம். ஒரு மாதம் பழகியவர்களுக்கு இது ஏற்றது. மேலும் போகத் தெம்பிருந்தால் பழவேற்காடு வரை போகலாம். உப்பங்கழி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், பருவத்தில் பூநாரைகள். ஆனால் மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையில் திரும்பிவிடாதீர்கள். அது துறைமுக லாரிகளின் ராஜ்ஜியம்.

மூன்றாவது, பொன்னேரி. மீஞ்சூரிலிருந்து அனுப்பம்பட்டு தாண்டினால் பொன்னேரி; அங்கே ஆரணியாறு. கரையோரத்துக் கிராமங்கள், தோப்புகள், நிழல். வெயில் காலத்துக்கு மூன்றில் இதுதான் என் தேர்வு.

ஆறு மாதம் கழித்து உண்மையான மேடு பள்ளம் வேண்டும் என்று கால் கேட்டால், கொசஸ்தலையையே பிடித்துக்கொண்டு மேற்கே பூண்டி நீர்த்தேக்கம் வரை போய்ப் பாருங்கள். பூண்டியில் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிகளின் தொடர்ச்சியாக நடந்த ஆய்வுகள், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றுப் படுகையில் மனிதர் உலவியதைக் காட்டின. குடியம் குகைகளும் அந்தப் பக்கம்தான். அங்கே தரை மேடேறும், கல்லும் வரும். இதயப் பரிசோதனை செய்யாதவர் அவசரப்பட வேண்டாம்.

காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

இந்த வட்டாரத்தில் சைக்கிள் பற்றிய எந்த யோசனையும் காற்றைப் பற்றிப் பேசாமல் முழுமையாகாது. ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். மிதிக்கும்போது அது பல மடங்காகும், வாய்வழியாகவும் இழுக்கத் தொடங்குவோம். மூக்கு வடிகட்டும் வேலை அப்போது நடக்காது. ஆகவே லாரிச் சாலையோரம் அரை மணி நேரம் மிதிப்பவர், அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பவரைவிடப் பல மடங்கு புகையையும் நிலக்கரித் தூசியையும் உள்ளே வாங்குகிறார். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 60. நம் அரசு எண் "திருப்திகரம்" என்று காட்டும் நாளிலும் உலக வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். மணலியில் மாசுக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அந்த எண்ணைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

திசைதான் முக்கியம். கோடையில் காலை வேளையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் புகைபோக்கிகளின் சாம்பலும் துறைமுகத் தூசியும் ஊருக்குள் திரும்பும். அதனால் கோடையில் விடியற்காலை, அதுவும் ஆலைகளுக்கு மேற்கே. மார்கழி, தை மாதங்களில் இந்தக் கணக்கு மாறும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்து, புகையை மேலே போகவிடாமல் மூடி போட்டு வைக்கும். பனிமூட்டமான அந்தக் காலைகளில் ஏழரை, எட்டு மணிக்கு வெயில் ஏறிய பிறகு கிளம்புவது நல்லது. போகிப் பண்டிகை அன்று மிதிக்கவே வேண்டாம். கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நுண்துகளைத் தடுக்காது. தடுக்கும் முகக்கவசம் போட்டால் மிதிக்கும்போது மூச்சு முட்டும்.

பழைய சைக்கிளே போதும்

இருபதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள் வாங்கி, மூன்றாம் மாதம் அதில் துணி காயப்போடும் வீடுகள் உண்டு. மகனுக்கோ மகளுக்கோ பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தால் அதை ஓவராயில் செய்து எடுங்கள். ஏரிக்கரைக்கு அது தாராளம். மணலும் சேறும் உள்ள இடத்தில்தான் இரண்டு அங்குல அகல டயர் கைகொடுக்கும். சைக்கிள் கடையில் டயரைக் கல் மாதிரி காற்றடித்துத் தருவார்கள். மண் பாதைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் அதிர்வு இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் வராது.

சீட் உயரம்தான் பலர் கவனிக்காதது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், முன்பக்கம் வலி வரும். வலி வந்ததும் சைக்கிளையே குறை சொல்லி நிறுத்துபவர்கள் அதிகம். அரை அங்குலம் உயர்த்தினால் தீரும் வலி அது. கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பது மூட்டுக்கு ஆகாது.

முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

நெஞ்சுவலி, படி ஏறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றல் உள்ளவர்களும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவர் சொன்ன பிறகே சீட்டில் உட்கார வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் குலுங்கும் பாதை கூடாது, உள்ளே ரத்தம் கசியலாம். கண் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் போகக்கூடாது. கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் மங்கல் வந்தால் இறங்கி உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது அதற்குச் சமமான குளுக்கோஸ் சாப்பிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சட்டைப்பையில் அது எப்போதும் இருக்கட்டும். செருப்போடு மிதிக்க வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்தில் பெடல் கீறியது மறுநாள்தான் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர்கள் தூங்கி எழுந்து மாலையில் மிதிக்கலாம். தூக்கக் கலக்கத்தோடு பட்டமந்திரி சாலையைக் கடப்பது சர்க்கரையைவிட ஆபத்து.

கோடையில் கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ நீர்மோரோ, வழியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் தண்ணீர். வியர்வை நின்று தலை சூடேறினால் உடனே நிழலுக்குப் போய், உடம்பை நனைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

முள், நாய், பாம்பு, வெள்ளம்

கரையெங்கும் சீமைக் கருவேல முள். பஞ்சர் கிட்டும் கைப்பம்பும் இல்லாமல் போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பெரும்பாலும் அதன் ஆர்வம் போய்விடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போக வேண்டும். புல் மண்டிய கரையோரத்தில் காலூன்றாமல் பாதையின் நடுவிலேயே இறங்கினால் இது பெரும்பாலும் நேராது.

கிழக்கே எண்ணூர் கழிமுகத்தின் சேற்றில் இறங்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய இடம் அது. அனல்மின் நிலையச் சாம்பலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. வெள்ளம் வடிந்த கரைகளில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். புண் இருப்பவர்கள் அந்த வாரங்களில் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி ஏரியின் உபரிநீர் திறக்கப்படுவதாக அறிவிப்பு வந்தால் கொசஸ்தலைக் கரையை அடியோடு விட்டுவிடுங்கள். மேலே மழை நின்றுபோயிருந்தாலும் தண்ணீர் பல மணி நேரம் கழித்துத்தான் வள்ளூரை வந்து சேரும். அந்த நாட்களில் வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு, பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாலும் போதும்.